கடை முகப்புக்கு அரசு கிராண்ட் (மானியம்): அமெரிக்க டவுன்டவுனில் கடை நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்க நகரங்களின் பழைய டவுன்டவுன் தெருக்களில் மளிகை, உணவகம், தையல், நகை என்று கடை நடத்தும் தமிழர்கள் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். தொகையும் காலக்கெடுவும் ஊருக்கு ஊர் மாறும். மத்திய அரசுப் பணத்தோடு வரும் விதிகளும், நூறு வயதுக் கட்டடம் கேட்கும் வேலைமுறையும் அதிகம் மாறுவதில்லை.

1. டவுன்டவுன்ல கடை வெச்சிருந்தா முகப்பைச் சரிபண்ண சிட்டி பணம் தருதாமே, நிஜமா?

நிஜம்தான், எல்லா ஊரிலும் இல்லாவிட்டாலும். "ஃபசாட் கிராண்ட்", "ஸ்டோர்ஃபிரண்ட் புரோகிராம்" என்ற பெயர்களில் இருக்கும். பணம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஹட் எனும் மத்திய வீட்டுவசதித் துறை நகரங்களுக்குத் தரும் சிடிபிஜி நிதி. மற்றொன்று டிஃப்: ஒரு வட்டாரத்தில் சொத்து வரி உயரும்போது, அந்த உயர்வை அங்கேயே செலவிட ஒதுக்கும் ஏற்பாடு.

நகரத்தின் பொருளாதார வளர்ச்சி அலுவலகத்திலோ, உங்கள் ஊரில் பழைய கடைத்தெருக்களைப் புதுப்பிக்க உதவும் மெயின் ஸ்ட்ரீட் அமைப்பு இருந்தால் அங்கோ விசாரியுங்கள். (கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று சிற்றூர்களில் 1977-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி நாடெங்கும் பரவிய அமைப்பு அது.) முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு" என்பதை அல்ல, "இது எந்தப் பணம்" என்பதை. கீழே வரும் பாதி விதிகள் அந்தப் பதிலைப் பொறுத்தவை.

2. முழுச் செலவையும் தருவாங்களா?

அரிதாகத்தான். பொதுவாக ஒரு சதவீதமும் ஓர் உச்சவரம்பும் இருக்கும், இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். உதாரணமாக, பாதிச் செலவு, உச்சவரம்பு 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வேலைக்கு 24,000 ஆனால் உங்களுக்கு வருவது 10,000, கைக்காசு 14,000. வேலை 16,000-இல் முடிந்தால் வருவது 8,000.

3. அட்வான்ஸா கொஞ்சம் தந்தா வேலையை ஆரம்பிக்கலாமே?

பெரும்பாலான திட்டங்கள் வேலை முடிந்த பிறகே பணம் தருகின்றன. மேலே சொன்ன உதாரணத்தில் 24,000 முழுவதையும் முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். ஒப்புதல் கடிதத்தைக் காட்டி வங்கியில் குறுகிய காலக் கடன் கேட்கலாம். நகரமே நேராகக் கான்ட்ராக்டருக்குக் கட்டும் திட்டங்களும் உண்டு, விசாரித்துப் பாருங்கள்.

பணம் திரும்ப வர வேண்டுமானால் தாள் சுத்தமாக இருக்க வேண்டும். வேலைவாரியாகப் பிரித்த பில், வங்கி வழியே பணம் போனதற்கான சான்று, "இனிப் பாக்கி இல்லை" என்று கான்ட்ராக்டர் கையெழுத்திட்ட லீன் வெய்வர், ஒரே இடத்தில் நின்று எடுத்த முன்-பின் படங்கள், முடிக்கப்பட்ட பெர்மிட் ஆகியவற்றைக் கேட்பார்கள். ரொக்கமாகக் கொடுத்த தொகையை நிரூபிக்க முடியாது. அது போனது போனதுதான். நீங்களே செய்த வேலைக்குக் கூலி கணக்கில் சேராது.

4. கட்டடம் என்னோடது இல்லை, வாடகைதான். நான் அப்ளை பண்ணலாமா?

பல ஊர்களில் பண்ணலாம். உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். லீஸில் போதிய காலம் மிச்சமிருக்க வேண்டும். சில நகரங்கள், முகப்பை இத்தனை ஆண்டுகள் மாற்றாமல் பராமரிப்பதாகச் சொத்தின் மீதே பத்திரம் பதிகின்றன, அதில் உரிமையாளர்தான் கையெழுத்திட முடியும்.

கையெழுத்துக்கு முன்பே லீஸில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் பணத்தில் முகப்பு மேம்பட்டதைக் காரணம் காட்டி வாடகையை உயர்த்தக் கூடாது, இடையில் காலி செய்யச் சொன்னால் உங்கள் பங்கைத் தர வேண்டும் என்று. செலவு உங்களுடையது, மதிப்பு ஏறுவது அவருடைய கட்டடத்துக்கு. இதை வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

5. முகப்போட சேர்த்து உள்ளே கிச்சனையும் மாத்திக்கலாமா?

சிடிபிஜி பணம் என்றால் முடியாது. லாபநோக்கில் நடக்கும் தனியார் வணிகக் கட்டடங்களில் அந்த நிதி வெளிப்புற மேம்பாட்டுக்கும், ஆஸ்பெஸ்டாஸ், ஈயப் பெயின்ட் ஆபத்தை நீக்குவதற்கும், கட்டட விதிமீறல்களைத் திருத்துவதற்கும் மட்டுமே என்று விதியே சொல்கிறது. டிஃப் பணத்தில் சில ஊர்கள் உள்வேலைக்கும் இடம் தருகின்றன. எதுவானாலும் ஃபிரிட்ஜ், மேசை, சரக்கு எதையும் முகப்பு பில்லில் கலக்காதீர்கள். கலந்த பில் மொத்தமாகத் திரும்பி வரும்.

6. அப்ளிகேஷன் குடுத்தாச்சு. கான்ட்ராக்டர் இந்த வாரம்தான் ஃப்ரீயாம். ஆரம்பிச்சுடட்டுமா?

வேண்டாம். கிராண்ட் கைநழுவுவதற்கு நாங்கள் அறிந்த முதல் காரணம் இதுதான். மத்திய நிதி கலந்த திட்டத்தில், சுற்றுச்சூழல் ஆய்வு முடிந்து நிதி விடுவிக்கப்படும் முன் இடிப்பதும் கட்டுவதும் கூடாது. "என் சொந்தக் காசில்தானே இடித்தேன்" என்பது செல்லாது. சொந்தப் பணமும் அந்தத் தடைக்குள் வரும். அதிகாரி இரக்கப்பட்டாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த ஆய்வுக்குள்ளேயே 1966-ஆம் ஆண்டு வரலாற்றுச் சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவும் வருகிறது. மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு உங்கள் வரைபடம் போகும், பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் உண்டு. படங்கள் மங்கலாகவோ விவரம் குறைவாகவோ இருந்தால் கூடுதல் விவரம் கேட்பார்கள், நாள் இழுக்கும். அதனால் முதல் தடவையே தெளிவான படம், அளவு, பொருளின் பெயர் மூன்றையும் கொடுங்கள்.

காத்திருக்கும் நாட்களில் அளவெடுக்கலாம், வரைபடம் போடலாம், விலைப்புள்ளி வாங்கலாம். காற்றில் கண்ணாடி உடைந்துபோனால் படமெடுத்துவிட்டுத் தற்காலிகமாகப் பலகை அடியுங்கள். அன்றைக்கே அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

7. என் மச்சானே கான்ட்ராக்டர். பாதி விலைக்கு முடிச்சுத் தர்றேங்கிறார். அவரையே வெச்சுக்கலாமா?

உறவை மறைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். முன்பே எழுதிக் கொடுத்தால் சில ஊர்களில் அனுமதிப்பார்கள், சிலவற்றில் மறுப்பார்கள். எப்படியும் இரண்டு அல்லது மூன்று விலைப்புள்ளிகள் கேட்பார்கள். மூவருக்கும் ஒரே வேலைப்பட்டியலைக் கொடுங்கள். ஒருவர் அலுமினியத்துக்கும் இன்னொருவர் மரத்துக்கும் விலை சொன்னால் ஒப்பிட முடியாது. லைசென்ஸ், காப்பீடு, மத்திய அரசின் தடைப்பட்டியலில் பெயர் இல்லாமை மூன்றையும் சரிபார்ப்பார்கள்.

8. டேவிஸ்-பேகன்னு ஒண்ணு சொல்றாங்க. அதைக் கேட்டதும் கான்ட்ராக்டர் பின்வாங்குறார், ஏன்?

1931-ஆம் ஆண்டின் கூலிச் சட்டம் அது. சிடிபிஜி பணம் கலந்த கட்டுமான ஒப்பந்தம் 2,000 டாலரைத் தாண்டினால், அந்தக் கவுன்டியில் தச்சர், கொத்தனார், கண்ணாடி வேலையாள் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் அரசு அறிவித்த கூலிக்குக் குறையாமல் தர வேண்டும். வாராவாரம் சம்பளப் பட்டியலும் கொடுக்க வேண்டும்; டபிள்யூஎச்-347 என்ற படிவம் அதற்கானது. கிராண்ட் 5,000 டாலர்தான், ஒப்பந்தம் 30,000 என்றாலும் விதி முழு ஒப்பந்தத்துக்கும் பொருந்தும். ஒரே வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதித் தப்ப முடியாது.

சிறிய கான்ட்ராக்டர் பயப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் எழுத்து வேலைதான். விலைப்புள்ளி கேட்கும் அன்றே கூலிப் பட்டியலைக் கையில் கொடுங்கள். பிறகு தெரியவந்தால் குறைவாகக் கொடுத்த கூலியை அவர் ஈடுகட்ட வேண்டியிருக்கும், அது முடியும்வரை உங்கள் பணமும் நிற்கும். மத்தியப் பணம் இல்லாத டிஃப் திட்டத்துக்கு இது பொருந்தாது. ஆனால் மாநிலத்துக்கென்று தனிக் கூலிச் சட்டம் இருக்கலாம்.

9. ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட்னா கட்டடத்தைத் தொடவே விடமாட்டாங்களாமே?

அப்படி இல்லை. ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட் என்பது பழமைக்காகப் பாதுகாக்கப்படும் வட்டாரம். உள்துறைச் செயலரின் பெயரில் வழங்கும் புனரமைப்பு நெறிகள் மொத்தம் பத்து. கடைக்காரர் மனதில் வைக்க வேண்டியவை மூன்று: மாற்றுவதற்கு முன் பழுதுபார்க்க முடியுமா என்று பார்; மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதன் அளவும் வடிவமும் தோற்றமும் ஒத்திருக்கட்டும்; இல்லாத பழமையைக் கற்பனையில் ஒட்டாதே. 1905-இல் கட்டிய எளிய செங்கல் கடைக்கு பலகணியும் வளைவும் சேர்த்து "பழசு மாதிரி" ஆக்கும் வரைபடம் திரும்பி வருவது மூன்றாவதால்தான்.

தேசியப் பூங்காத் துறை வெளியிடும் இலவசக் கையேடுகளில் 11-ஆம் எண் முழுக்கக் கடை முகப்பைப் பற்றியது. மறுஆய்வு அதிகாரியும் பெரும்பாலும் அதை வைத்துத்தான் பேசுவார். வரைபடம் போடுபவரிடம் அதைக் கொடுத்துவிடுங்கள்.

10. முகப்பு முழுக்க அலுமினியத் தகடு. உள்ளே என்ன இருக்குன்னே தெரியல. என்ன செய்யறது?

1950, 60-களில் புறநகர் ஷாப்பிங் சென்டர்களோடு போட்டி போட, டவுன்டவுன் கட்டடங்களின் மேல் இப்படித் தகடு போர்த்தினார்கள். பின்னால் பல சமயம் ஜன்னல்களும் செங்கல் வேலைப்பாடும் அப்படியே உறங்குகின்றன. இந்த வேலையிலேயே மனம் நிறையும் இடம் அதுதான்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கச் சொல்லாதீர்கள். முதலில் மாடி ஜன்னல் வழியாக உள்ளிருந்து பாருங்கள். ஊர் நூலகத்தில் பழைய தெருப் படங்கள் இருக்கும். சான்போர்ன் என்ற பழைய தீக்காப்பீட்டு வரைபடங்கள் கட்டடம் செங்கல்லா மரமா, எத்தனை மாடி என்பதைக் காட்டும். பிறகு அலுவலகத்தின் அனுமதியோடு ஓரத்தில் ஒரு தகட்டை மட்டும் கழற்றிப் பாருங்கள் (6-ஆம் பதிலை மறக்க வேண்டாம்).

எதிர்பார்க்க வேண்டிய சேதம் இரண்டு. தகட்டைத் தட்டையாக உட்கார வைக்க, துருத்திக்கொண்டிருந்த கார்னிஸையும் (சுவரின் உச்சியிலுள்ள விளிம்புப் பட்டை) ஜன்னல் தலைப்புகளையும் வெட்டியிருப்பார்கள். சட்டத்தைப் பிடிக்கச் செங்கல்லில் துளையிட்டிருப்பார்கள். அதன் வழியே பல பத்தாண்டுகளாக நீர் இறங்கியிருக்கும். ஆகவே விலைப்புள்ளியைத் தகடு பிரிப்பது, பிரித்தபின் மராமத்து என்று இரண்டாகக் கேளுங்கள். எதிர்பாராத வேலைக்கென்று ஒரு தொகையையும் தனியாக ஒதுக்குங்கள்.

11. ஷோகேஸ் கண்ணாடிக்கு மேலே பலகை அடிச்ச ஒரு வரிசை இருக்கு. அதை அப்படியே விட்டுடலாமா?

அது டிரான்சம், கடையின் பின்பகுதிவரை பகல் வெளிச்சம் போவதற்காக வைத்தது. பிற்காலத்தில் பொய்க்கூரை போட்டபோது அடைத்திருப்பார்கள். பலகையைக் கழற்றினால் சுமார் 4 அங்குலச் சதுரக் கண்ணாடிகள், பின்பக்கம் வரிவரியாக, ஈயக் கம்பியில் கோத்தது போல இருக்கலாம். அது பிரிசம் கண்ணாடி; சிகாகோவின் லக்ஸ்ஃபர் நிறுவனம் 1897 முதல் பரப்பியது. அதைக் குப்பையில் போடவிடாதீர்கள். உடைந்தவற்றை மட்டும் மாற்றி மறுபடி கோக்கும் கைவினைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பொய்க்கூரையை முழுதாக எடுக்க வேண்டியதில்லை. முகப்பை ஒட்டிய சில அடிகளுக்கு மட்டும் கூரையைச் சாய்த்து உயர்த்தினாலே வெளிச்சம் உள்ளே வரும்.

12. கண்ணாடிக்குக் கீழே இருக்கிற மரத் தடுப்பு, புதுசா போட்டு ரெண்டு வருஷத்துல உளுத்துப்போச்சு. மரம் மோசமா?

மரத்தைவிட வேலையே காரணமாக இருக்கும். பல்க்ஹெட் எனும் இந்தத் தடுப்பு கீழிருந்து நீரை உறிஞ்சுகிறது. பனிக்காலத்தில் நடைபாதையில் தூவும் உப்பும் சேர்ந்துகொள்கிறது. மரம் நடைபாதையைத் தொடக் கூடாது. அடியில் கல் அல்லது கான்கிரீட் கட்டை வேண்டும். மேலே கண்ணாடி உட்காரும் படி வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். அதன் அடிவிளிம்பில் நீர் சொட்டி விழ ஒரு காடி வேண்டும். பலகையைப் பொருத்தும் முன் ஆறு பக்கமும், முக்கியமாக வெட்டுமுனைகளில், பிரைமர் அடிக்க வேண்டும். பொருத்திய பின் முன்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் பின்னிருந்து உளுக்கும்.

தடுப்பைத் தாழ்த்திக் கண்ணாடியைப் பெரிதாக்க நினைத்தால் இன்னொன்று: 9 சதுர அடிக்கு மேற்பட்ட கண்ணாடியின் அடி, தரையிலிருந்து 18 அங்குலத்துக்குக் கீழே இறங்கினால் பொதுவாகப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். டெம்பர் செய்த (சூடாக்கி உறுதியாக்கிய) பாதுகாப்புக் கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது. பழைய திறப்புகள் சதுரமாக இருப்பதில்லை என்பதால் இரு மூலைவிட்டங்களையும் அளந்தபின் ஆர்டர் கொடுங்கள்.

13. செங்கல் அழுக்கா இருக்கு. மணல் பீய்ச்சி சுத்தம் பண்ணி, பெயின்ட் அடிச்சுடலாமா?

இரண்டும் வேண்டாம். பழைய செங்கல்லின் சூளையில் வெந்த மேல்தோல்தான் அதைக் காக்கிறது. மணல் பீய்ச்சினால் அது போய்விடும், உள்ளிருக்கும் மென்மையான பகுதி நீரைக் குடிக்கும், குளிர்காலத்தில் உறைந்து உதிரும். திரும்பப் பெற முடியாத சேதம் இது, பத்து நெறிகளில் ஒன்று இதை வெளிப்படையாக மறுக்கிறது. குறைந்த அழுத்தத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதவில்லை என்றால் மட்டும், மறைவான மூலையில் சோதித்த பிறகு, செங்கல்லுக்கான ரசாயனம். என்றுமே பெயின்ட் படாத செங்கல்லுக்குப் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளே சிறைப்படும். ஏற்கெனவே அடித்திருந்தால், உதிர்வதைச் சுரண்டிவிட்டு மறுபடி அடிப்பதே பெரும்பாலும் நல்லது. விதிவிலக்கு வார்ப்பிரும்புத் தூண்கள். அவற்றைக் குறைந்த அழுத்தத்தில் உலர்மணல் கொண்டு சுத்தம் செய்யலாம், பக்கத்துச் செங்கல்லை நன்றாக மறைத்துவிட்டு. அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும்.

இணைப்புக் காரை உதிர்ந்திருந்தால் சிமென்ட் மிகுந்த கடினக் கலவை கூடாது. காரை செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். அப்போதுதான் சுவர் அசையும்போது காரை விரிசல் விடும், செங்கல் தப்பும். சுண்ணாம்பு மிகுந்த 'ஓ' வகைக் கலவை (சிமென்ட் 1, சுண்ணாம்பு 2, மணல் 9) பல இடங்களில் பொருந்தும். இன்னும் மென்மையான செங்கல்லுக்குச் சுண்ணாம்பை மேலும் கூட்ட வேண்டும். இணைப்பின் அகலத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழத்துக்குப் பழைய காரையை எடுத்து, கால் அங்குல அடுக்குகளாக நிரப்ப வேண்டும். செங்குத்து இணைப்புகளில் கிரைண்டரை விடாதீர்கள், செங்கல் விளிம்பை அறுத்துவிடும். வெப்பம் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகும் நாட்களில் இந்த வேலை கூடாது. கிராண்ட் கடிதம் நவம்பரில் கைக்கு வந்தால், காலக்கெடுவை வசந்தத்துக்கு நீட்டித்துத் தரும்படி அப்போதே எழுதிக் கேளுங்கள்.

14. கட்டடம் 1890-ஆம் வருஷத்துது, ஆனா முகப்புல 1930-கள்ல ஒட்டின கறுப்புக் கண்ணாடி இருக்கு. பிரிச்சு எடுத்தாத்தானே ஒரிஜினல்?

அவசியமில்லை. பிற்காலத்தில் சேர்ந்த மாற்றமே தனி மதிப்பு பெற்றிருந்தால் அதையும் காக்க வேண்டும் என்று நெறிகள் சொல்கின்றன. விட்ரோலைட், கராரா போன்ற பெயர்களில் வந்த அந்த வண்ணக் கண்ணாடி இன்று எளிதில் கிடைப்பதில்லை. பெரும்பாலும் கெட்டுப்போவது கண்ணாடி அல்ல, பின்னால் பிடித்திருக்கும் தார்ப்பசை. இணைப்புகளில் நீர் புகாமல் பார்த்தால் நெடுங்காலம் நிற்கும். 10-ஆம் பதிலில் சொன்ன அலுமினியத் தகட்டுக்கும் சில சமயம் இதே வாதம் பொருந்தலாம். பிரிக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

15. வாசல்ல ஒரு படி இருக்கு. சக்கர நாற்காலிக்கு வழி செய்யணும்னு சொல்றாங்க. ஹிஸ்டாரிக்னா விலக்கு உண்டா?

முழு விலக்கு கிடையாது. வாசலை மாற்றியமைக்கும்போது எடிஏ எனும் மாற்றுத்திறனாளர் சட்டத்தின் அளவுகள் வரும்: கதவு திறந்தால் 32 அங்குல வழி, சாய்தளத்துக்கு 1-க்கு 12 சரிவு. 6 அங்குலப் படிக்கு 6 அடி நீளம். இடமே இல்லாத பழைய வாசலில் 6 அங்குல உயரம்வரை 1-க்கு 10 சரிவு அனுமதிக்கப்படுகிறது. வரலாற்று மதிப்பே அழிந்துவிடும் என்ற நிலையில்தான் மாற்று வழி பேசப்படும்.

சாய்தளத்தை நடைபாதையில் நீட்டினால் அது நகரத்தின் இடம், தனி அனுமதி வேண்டும். உள்வாங்கிய வாசலாக இருந்தால் அந்தக் குழிவின் தரையையே சரித்துவிடுவது பெரும்பாலும் நல்ல தீர்வு; ஆனால் அங்கே பழைய கடைப் பெயர் பதித்த தரை ஓடுகள் இருந்தால் அதிகாரியோடு கலந்து முடிவெடுங்கள். இரட்டைக் கதவில் ஒவ்வொன்றும் குறுகலாக இருந்தால், பொத்தானை அழுத்தியதும் இரண்டும் சேர்ந்து திறக்கும் மோட்டார் வைக்கலாம், பழைய கதவு பிழைக்கும். சிறு வணிகர்களுக்கு இத்தகைய செலவில் 250 டாலருக்கு மேல் 10,250 வரையுள்ள தொகையில் பாதி, அதிகபட்சம் 5,000 டாலர், மத்திய வரிச்சலுகையாகவும் உண்டு.

16. போர்டுல கடைப் பேரைத் தமிழ்ல எழுதலாமா?

எழுதுங்கள். நகர விதிகள் பொதுவாகப் பார்ப்பது அளவு, இடம், ஒளி இவற்றை. பெயர்ப்பலகை, டிரான்சத்துக்கு மேலுள்ள பட்டைக்குள் அடங்க வேண்டும், கார்னிஸையோ ஜன்னலையோ மறைக்கக் கூடாது. உள்ளிருந்து ஒளிரும் பிளாஸ்டிக் பெட்டியைப் பெரும்பாலும் மறுப்பார்கள்.

தமிழுக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் நிற்கும். நமக்கோ "கி"யின் மேல்விலங்கு மேலே போகும், "மூ" கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு அளந்த பட்டையில் தமிழை அடக்கினால் எழுத்து சிறுத்துப்போகும். உண்மையான பெயரை எழுதி, மேல்விலங்கு முதல் கீழ்ச்சுழி வரை அளந்து வரைபடத்தில் காட்டுங்கள். அச்சுக்குப் போகும் முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்கட்டும். கணினியில் கொம்பும் காலும் இடம் மாறி, தவறாகவே வெட்டப்பட்ட பலகைகள் உண்டு. கதவு எண் எண்களில், தெருவிலிருந்து தெரியும்படி, குறைந்தது 4 அங்குல உயரத்தில் இருக்கட்டும். தீயணைப்பு வண்டி தேடுவது அதைத்தான்.

17. ராத்திரி பாதுகாப்புக்கு ஷட்டர் போடலாமா?

வெளியே இறங்கும் முழுத்தகடு ஷட்டருக்கு இந்தத் திட்டங்களில் அநேகமாக அனுமதி இல்லை. மாலையில் தெருவே இருண்டுபோகும். கண்ணாடிக்கு உள்பக்கம் வலைக் கதவும், இரவு எரியும் விளக்கும் ஏற்கப்படும். கடை உள்ளே தெரிவதே ஒரு காவல்.

18. வேலை நடுவுல உளுத்துப்போன உத்தரம் தெரிஞ்சுது. கூடுதல் செலவுக்கும் கிராண்ட் வருமா?

தானாக வராது. வேலையை அந்த இடத்தில் நிறுத்தி, படமெடுத்து, மாற்ற ஆணைக்கு (சேஞ்ச் ஆர்டர்) எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஒப்புதல் இல்லாமல் மரச் சட்டத்துக்குப் பதில் வினைல் போட்டுவிட்டால், கூடுதல் பணம் வராதது மட்டுமல்ல, வர வேண்டியதும் நிற்கலாம். மாடியில் குடியிருப்பு இருந்து கட்டடம் 1978-க்கு முந்தையது என்றால், வெளிச்சுவரில் 20 சதுர அடிக்கு மேல் பழைய பெயின்டைக் கலைப்பவர் ஈயப் பெயின்ட் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும்.

19. கிராண்ட் பணத்துக்கு வரி உண்டா? ஹிஸ்டாரிக் வரிச்சலுகையும் சேர்த்து வாங்கலாமா?

கிராண்ட் பொதுவாக வணிக வருமானமாகவே கருதப்படும். பணம் வரும் ஆண்டிலேயே கணக்கரிடம் சொல்லிவிடுங்கள். 20 சதவீத மத்திய வரிச்சலுகை தனி. அது பதிவுபெற்ற வரலாற்றுக் கட்டடத்தில் பெரிய அளவிலான புனரமைப்புக்கு. 5,000 டாலர், அல்லது கட்டடத்தின் கணக்கு மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டிச் செலவாக வேண்டும். முகப்பு வேலை மட்டும் அந்த அளவை எட்டுவது அரிது. கட்டடம் முழுவதையும் புதுப்பிக்கும் உரிமையாளர், முகப்புக்குக் கையெழுத்திடும் முன்பே தேசியப் பூங்காத் துறையின் விண்ணப்பத்தையும் தொடங்கட்டும். முகப்பு வேலை நெறிகளுக்கு ஒவ்வாமல் போனால் முழுக் கட்டடத்தின் சலுகையும் போகலாம்.

20. ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. அவ்வளவுதானா?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பட்ஜெட் தீர்ந்தது என்றால் அடுத்த நிதியாண்டு எப்போது தொடங்குகிறது என்று கேட்டு, முதல் வாரத்திலேயே கொடுங்கள். வரைபடம் பிடிக்கவில்லை என்றால் பலசமயம் மாற்ற வேண்டியது ஒன்றிரண்டே: நிறம் ஏற்றிய கண்ணாடிக்குப் பதில் தெளிந்த கண்ணாடி, நுரைப்பலகை ஒட்டிய பூச்சுக்குப் பதில் அடியிலுள்ள செங்கல், தெருவரை முன்னால் தள்ளிய கதவுக்குப் பதில் பழைய உள்வாங்கிய வாசல். சில மெயின் ஸ்ட்ரீட் அமைப்புகளில் வரைபட உதவி இலவசமாகவே கிடைக்கும். இடைப்பட்ட மாதங்களில் 6-ஆம் பதில் அப்படியே பொருந்தும்: மறுவிண்ணப்பம் போடப்போகிறீர்கள் என்றால் எதையும் பிரிக்காதீர்கள்.